கட்டைவிரல் எந்தப் பக்கம்?

போன வாரம் அக்காவைப் பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் போன். எதிர்க்கரையில் அவள் வரைந்து எழுந்த ஐந்து கோபுரங்கள். பாலத்தில் போகிற வண்டிக்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கட்டடத்தோடு வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்திருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊரில் பழைய வீட்டுக் கதவுகளில் விரித்த கை ஒன்று செதுக்கியிருக்கும். 'உள்ளே வாங்க' என்று அர்த்தம். ஊர் முத்திரையிலும் அதே கைதான், குப்பை வண்டியிலும் அதே கைதான். ஆற்றங்கரையில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒன்று கட்ட வேண்டும் என்று முதலாளியம்மா கிளம்பியபோது, ஆர்க்கிடெக்டான நம் அக்கா அந்தக் கையையே எடுத்து நிமிர்த்தி வைத்தாள். கீழே உள்ளங்கையாக அகலமான ஒரு கட்டடம். அதன் மேல் ஐந்து விரலாக ஐந்து கோபுரம். ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கும்? ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம்.

ஊர்க்காரர்கள் வாயைக் கேட்க வேண்டுமா? ஆள்காட்டியில் வக்கீல்கள் ஆபீசுக்கு இடம் சொல்லி வைத்தார்கள். மோதிரவிரலைக் கல்யாண ஏற்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நடுவிரலில் வீடு வாங்கியவர்கள் மட்டும் முகவரி சொல்லும்போது தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் உள்ளங்கையின் ஆற்றுப் பக்க முகப்பில் செம்புத் தகட்டில் ரேகைகளைப் பதித்துச் சாரத்தைப் பிரித்தார்கள். அதுவரை அது வெறும் ஐந்து விரல். முன்பக்கமா, பின்பக்கமா என்று யாரும் கேட்கவில்லை. ரேகை வந்ததும் உள்ளங்கை ஆற்றைப் பார்த்துவிட்டது. கட்டைவிரல் இடப்பக்கமாக நின்றது. யாரோ பாலத்திலிருந்து படம் எடுத்து அனுப்ப, ஊரே தன் கையைத் தூக்கிப் பார்த்தது.

இடது கை!

விருந்தாளிக்கு இடது கையை நீட்டுகிற ஊர் என்று பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கிறான். நம்மவர்கள் அவனைவிடச் சத்தமாகச் சிரிக்கிறார்கள்.

எனக்கு வருகிற கோபம் வேறு. எத்தனை இன்ஜினீயர், எத்தனை கமிட்டி! அத்தனை பேரும் அந்த வரைபடத்தின் பக்கத்தில் தங்கள் கையை வைத்துப் பார்த்தவர்கள்தான். வலது கையில் பேனா இருந்தது, அதனால் தூக்கி வைத்தது இடது கை. 'அச்சு அசல்!' என்று சொல்லிவிட்டு, அதே பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது எல்லாரும் சேர்ந்து அக்காவைப் பார்க்கிறார்கள்.

நாளை திறப்பு விழா. இன்று மாலை முதலாளியம்மா பத்திரிகைக்காரர்களைச் சந்திக்கிறார். அதற்குள் தவறு யாருடையது என்று ஒரு பேர் வேண்டும். அந்தப் பேருக்கு உரியவர் நாளை முதல் வேலையில் இருக்க மாட்டார்.

*

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அம்மா வீட்டில், விடிந்ததிலிருந்து அம்மாவின் போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது.

"அக்கா போனை எடுத்தாளா?" என்றாள் அம்மா.

"எடுக்கல. நீ முதல்ல அந்தப் போனைக் கீழ வை. காலங்காத்தால யாரும்மா இத்தனை பேரு?" என்றான் தம்பி.

"நான் என்னடா பண்ணேன்? சொந்தக்காரங்க விசாரிக்கிறாங்க." அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது. தம்பி அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அதே ஐந்து விரல் கட்டடத்தில்தான் அவனுக்கு லிப்ட் பொருத்துகிற வேலை.

அப்பா மேஜையின் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் இடது கையில். வலது கை மேஜைக்கு அடியில் மடியில் கிடந்தது. அந்தக் கையில் கட்டைவிரல் இல்லை. அக்காவுக்கு நாலு வயது, தம்பி பிறக்கவே இல்லை, அப்போது ஒரு மெஷின் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எந்தப் பட்டறை என்று கேட்டால் "அதெல்லாம் மூடியாச்சு" என்பார். வீட்டை விட்டு இறங்கினால் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விடும். தெருவில் பாதிப் பேர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"அப்பா, ஊரே சிரிக்குது. அக்காவுக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவ படிச்ச பொண்ணு, பாத்துக்குவா."

"இந்தப் படத்தையாவது பாருங்களேன்."

"அந்தக் கரையில எனக்குப் பாக்க என்ன இருக்கு?"

தம்பிக்குச் சுருக்கென்றது. கட்டடம் எழும்பத் தொடங்கிய நாளிலிருந்து அப்பா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆற்றைத் தாண்ட வேண்டுமென்றால் ஊரைச் சுற்றிப் பழைய பாலத்தில் போவார். மகள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

அந்தக் கோபம் பழைய கதை. அக்கா பட்டம் வாங்கிய அன்று மண்டபத்து வாசலில் எல்லாரும் போட்டோவுக்கு நின்றார்கள். அக்கா சந்தோஷத்தில், "கையை வெளிய எடுங்கப்பா, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று சொல்லிவிட்டாள். சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா படியிறங்கிப் போய்விட்டார். அந்தப் போட்டோவில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அக்கா அந்தக் கையைப் பற்றி வாயே திறந்ததில்லை. நல்லது கெட்டது பேசுவார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் இல்லை.

*

அக்கா ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது தலைமை ஆர்க்கிடெக்ட் அவளுக்காகக் காத்திருந்தார். எல்லாரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்ட மனிதர் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது யாரும் நல்லவராக இருப்பது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். பக்கத்தில் விளம்பரப் பிரிவுக்காரர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காரும்மா. டீ குடிச்சியா?" என்றார் சார்.

"விஷயத்தைச் சொல்லுங்க சார்."

விளம்பரக்காரர் முந்திக்கொண்டார். "மேடம், ஒரே ஒரு காரணம் போதும். ஏன் இடது கைன்னு ஒரு காரணம். இதயம் இடது பக்கம் இருக்கு, அதனால அன்போட வரவேற்கிறோம்னு அடிச்சு விடலாமா?"

"மாடி மாடியா ரேகை பதிச்சப்ப தோணாத இதயம் இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு? யாரு நம்புவா?" என்றார் சார் எரிச்சலாக. அப்புறம் குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. வரைபடம் சரி, மாடல் செஞ்சவங்கதான் மாத்தி ஒட்டிட்டாங்கன்னு சொல்லிடலாம். அந்த மாடல் செஞ்ச பொண்ணு புதுசு. வேற இடத்துல வேலை கிடைச்சிடும்."

"அந்தப் பொண்ணு நான் குடுத்த படத்தைப் பாத்துத்தான் செஞ்சா."

"அது நமக்குத் தெரியும்."

"அவளுக்கும் தெரியும் சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார்.

"அப்ப நீயே சொல்லு. இத்தனை வருஷ அனுபவம் உனக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கோடு போடறவ. இடது கை எப்படி வந்துச்சு?"

அக்காவுக்குத் தெரியும். பாலத்தில் நின்றபோதே தெரிந்துவிட்டது. அதனால்தான் அவளால் அங்கிருந்து நகர முடியவில்லை.

சின்ன வயதில் அவளுக்கு வரைவதற்குப் பொம்மையோ பூவோ தேவைப்பட்டதில்லை. அப்பா வேலை முடிந்து வந்து தாளின் மேல் கையை விரித்து வைப்பார். அவள் பென்சிலால் சுற்றி வருவாள். விரலிடுக்கில் பென்சில் நுழையும்போது அப்பாவுக்குக் கூசும். "நில்லுங்கப்பா, ஆடாதீங்க" என்று அதட்டுவாள். எப்போதும் இடது கைதான். வலது கையை அவர் வைத்ததே இல்லை, அவளும் கேட்டதே இல்லை. அவளுக்குக் கை என்றால் அந்தக் கைதான். பெரியவளாகி, ஊருக்கே ஒரு கை வரை என்று சொன்னபோது, பென்சில் தானாகவே அதைச் சுற்றி வந்துவிட்டது. அவள் யோசிக்கக்கூட இல்லை.

இதைச் சொன்னால் போதும். விளம்பரக்காரர் துள்ளிக் குதிப்பார். ஊர் அழும். வேலை பிழைக்கும். ஆனால் மறுநாள் காலையில் அப்பாவின் பாக்கெட்டுக்குள் இருக்கிற கை எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும். ஒரு போட்டோவுக்குக் கேட்டதற்கே படியிறங்கிப் போனவர்.

"கவனக்குறைவு சார். என் பேரையே சொல்லிடுங்க" என்றாள் அக்கா.

"கவனக்குறைவா? வேலை போயிடும்மா. அப்புறம் எவனும் ஒரு கக்கூஸ் வரையக்கூட உன்னைக் கூப்பிட மாட்டான்."

"தெரியும் சார்."

சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். பயமாகத்தான் இருந்தது. இருபது வருஷ உழைப்பு, யாருக்குத்தான் பயமாக இருக்காது?

*

தம்பி அந்த நேரத்தில் சுண்டுவிரலுக்குள் இருந்தான்.

சுண்டுவிரல் கோபுரத்தைப் போல லிப்ட்காரனின் உயிரை வாங்குகிற கட்டடம் வேறெதுவும் இல்லை. மற்ற நாலும் நேராக நிற்கும்போது, இது மட்டும் பாதிக்கு மேல் வெளிப்பக்கமாக லேசாக வளைந்து போகும். கட்டடம் வளையலாம், லிப்ட் வளையுமா? பாதியில் இறங்கி, ஒரு நடைபாதையில் நடந்து, வேறு லிப்டில் ஏற வேண்டும். இரண்டு மெஷின், இரண்டு குழி, இரண்டு மடங்கு வேலை. நேராகவே வைத்துவிடலாம் என்று இன்ஜினீயர்கள் எவ்வளவோ மன்றாடினார்கள். அக்கா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. 'அது அப்படித்தான் இருக்கணும்' என்று ஒரே பிடியாக நின்றாள்.

"ஏம்ப்பா, இடது கையோ வலது கையோ, அதை விடு. உங்கக்காவை ஒண்ணு கேளு. எந்த மனுஷனுக்கு சுண்டுவிரல் இப்படிக் கோணிக்கிட்டு நிக்கும்?" என்றார் கூட வேலை செய்கிற வயரிங்காரர், கயிற்றைப் பிடித்துக்கொண்டே.

தம்பி சிரித்தான். தன் கையை விரித்துப் பார்த்தான். நேராக இருந்தது. வயரிங்காரரும் விரித்துப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

அப்புறம் காலையில் பார்த்த டீ டம்ளர் ஞாபகம் வந்தது. டம்ளரைப் பிடித்த கை. டம்ளரோடு ஒட்டாமல் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நின்ற சுண்டுவிரல். பிறந்ததிலிருந்து பார்த்த விரல்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா, இது அப்பா கைதானே?"

அந்தப் பக்கம் அவள் படியில் இறங்குகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா!"

"யார்கிட்டயாவது சொன்னே, அப்புறம் உனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது."

"உன் வேலை போயிடும்கா."

"போனா போகுது. அவரு இத்தனை வருஷம் மறைச்சதை நான் கடைத்தெருவுல வைக்கணுமா? ஏற்கெனவே ஒரு தடவை பட்டது போதாதா? சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

"சரிக்கா."

"சரியாவது? சத்தியம்னு சொல்லு."

"சத்தியம்கா" என்றான் தம்பி. சொன்ன வாயை மூடுவதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். அவனைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. சின்ன வயதில் ரகசியமாக ஒளித்து வைத்த மிட்டாயைக்கூட அவன் வாய் காட்டிக் கொடுத்துவிடும்.

*

அப்பா பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தம்பி மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேலை போனாலும் சொல்ல மாட்டாளாம்பா. உங்களுக்குப் பிடிக்காதாம்."

அப்பா மடித்த சட்டையைத் திரும்பப் பிரித்தார். மறுபடி மடித்தார்.

"படத்தைக் காட்டு" என்றார்.

தம்பி போனை நீட்டினான். அப்பா அதை வாங்கவில்லை. இடது கையைத் தூக்கி அதன் பக்கத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சுண்டுவிரலை ஒரு தடவை ஆட்டினார்.

"இதையுமா வரைஞ்சிருக்கா, கழுதை" என்றார். குரல் உடைந்துவிட்டது. தம்பி தன் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

அதுவரை சும்மா நின்ற அம்மா சட்டென்று அழ ஆரம்பித்தாள். "எல்லாம் என்னாலதான்! நான்தான் அன்னிக்குப் பாலத்துல பஸ் நின்னப்ப ஆசையாப் படம் புடிச்சு, எம் பொண்ணு கட்டினதுன்னு சொந்தக்காரங்களுக்கு அனுப்பினேன். கடைசியில, 'ஆமா, இது எந்தக் கை?'ன்னு ஒரு வார்த்தை விளையாட்டாக் கேட்டேன். அது இப்படி ஊர் சுத்தும்னு எனக்கென்ன தெரியும்!"

தம்பி வாயைப் பிளந்தான். "அம்மா! நீயா?"

"கத்தாதடா. அக்காகிட்ட சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

"இன்னிக்கு எத்தனை சத்தியம்தான் பண்றது!"

அப்பா அதற்குள் பேண்ட் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "வண்டியை எடு" என்றார்.

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். தம்பிக்குப் புரியாத பார்வை. "அந்த இடத்துக்கா போறீங்க? யோசிச்சீங்களா?" என்றாள் மெதுவாக.

"யோசிச்சாச்சு. நீயும் வா" என்றார் அப்பா.

*

உள்ளங்கைக் கட்டடத்தின் மேல்மாடியில் கூட்ட அறை. சுற்றிலும் கண்ணாடி. நடுவில் நீள மேஜை, அதன் மேல் முழங்கை உயரத்தில் அந்த ஐந்து விரல் மாடல். கீழே வாசலில் கேமராக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

முதலாளியம்மா மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். சத்தம் போட மாட்டார், அதுதான் எல்லாருக்கும் பயம்.

"நீங்கதான் வரைஞ்சீங்க. கவனக்குறைவுங்கறீங்க. நான் நம்பல" என்றார் அக்காவிடம். "சுண்டுவிரலை வளைக்கறதுக்காக என்கிட்டயே சண்டை போட்டவங்க நீங்க. உங்களுக்கா கவனம் இல்ல?"

அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வேற காரணம் இல்லங்க."

"சரி. அப்ப உங்க பேரைத்தான் சொல்லணும். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

கதவு திறந்தது. காவலாளி ஏதோ சொல்லித் தடுக்க, தம்பி அதற்கு மேல் ஏதோ சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் அப்பா உள்ளே வந்துவிட்டார். பின்னால் அம்மா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"அப்பா!" என்றாள் அக்கா. தம்பியைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்து போயிருக்க வேண்டும். அவன் மேற்கூரையில் லிப்டைத் தேடுகிற மாதிரி அண்ணாந்து பார்த்தான்.

முதலாளியம்மா எழுந்தார். பெரியவர் ஒருவர் வந்தால் எழுந்திருக்கிற மரியாதை அவருக்கு உண்டு. "வாங்க" என்று கையை நீட்டினார்.

அப்பா இடது கையை நீட்டினார்.

விளம்பரக்காரருக்கு இருமல் வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றினார். நீட்டிய வலது கையை என்ன செய்வதென்று முதலாளியம்மாவுக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

"மன்னிக்கணும்மா. இடது கையை நீட்டுறான்னு நிறையப் பேரு கோவிச்சிருக்காங்க. மரியாதை தெரியாம இல்ல. எனக்கு நீட்டறதுக்கு இந்தக் கைதான் இருக்கு" என்றார் அப்பா.

"அப்பா, வேண்டாம்பா" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு." அப்பா வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். எடுத்து, அந்தப் பளபளக்கிற மேஜையின் மேல், எல்லாரும் பார்க்கும்படி வைத்தார். நாலு விரல். பக்கத்தில் இடது கையை மாடலுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தார். வளைந்த சுண்டுவிரலும் வளைந்த கோபுரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எம் பொண்ணு தப்பா வரையல. அவளுக்குத் தெரிஞ்ச கையை வரைஞ்சிருக்கா. சின்னதுலேர்ந்து நான் அவளுக்கு இதைத்தான் குடுத்தேன். தப்புன்னா அது என்னோடது" என்றார் அப்பா.

அக்கா அழுதுவிட்டாள். இத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "நான் கேக்கலையேப்பா. உங்களை யாரு வரச் சொன்னா?"

"அன்னிக்குக் கேட்டியே. போட்டோவுக்கு. அன்னிக்கே எடுத்திருக்கணும். கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாருக்குக் கண்ணாடியைத் துடைக்க இப்போது உண்மையிலேயே காரணம் இருந்தது. விளம்பரக்காரர் மட்டும் மெல்ல லேப்டாப்பை இழுத்தார்.

"மூடுங்க அதை" என்றார் முதலாளியம்மா, திரும்பிப் பார்க்காமல். அவர் நீட்டிய வலது கையை மடக்கி, இடது கையை நீட்டி, அப்பாவின் இடது கையைப் பிடித்தார். பிடித்தபடியே மேஜை மேல் கிடந்த மற்றக் கையைப் பார்த்தார்.

"எப்படிங்க ஆச்சு?"

"டப்பாவுக்கு மூடி அடிக்கிற மெஷின்மா. கையை எடுக்கறதுக்குள்ள இறங்கிடுச்சு."

"எந்தப் பட்டறை?"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. அப்பா கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார்.

"உங்க அப்பா பட்டறைதாம்மா. இதே இடம். நீங்க அப்ப ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்துட்டு வருவீங்க. அந்த மெஷின் ஆத்தைப் பாத்த மூலையில இருந்துச்சு. இப்ப எம் பொண்ணு கட்டைவிரலை நிறுத்தியிருக்காளே, அந்த மூலையில."

முதலாளியம்மாவின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் பிடித்த கையை அவர் விடவும் இல்லை.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். "ஐயாவும் நானும் பேசணும்."

"மேடம், பத்திரிகைக்காரங்க கீழ வந்து..." என்று ஆரம்பித்தார் விளம்பரக்காரர்.

"காத்திருக்கட்டும்."

வெளியே வந்ததும் அக்கா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்குத் தெரியுமாம்மா? இந்த இடம்தான்னு?"

"தெரியும்."

"அதனாலதான் அப்பா இந்தப் பக்கமே வரலையா? என் மேல கோவம் இல்லையா?"

"உன் மேல அவருக்கு என்னடி கோவம்? வரைபடத்துக்குப் பரிசு கிடைச்சுது, ஆத்தங்கரையில கட்டப்போறேன்னு குதிச்சுக்கிட்டு வந்து நின்னே. அவ சந்தோஷத்தைக் கெடுக்காதேன்னுட்டாரு. நான் என்னன்னு சொல்றது?"

அக்கா கீழே கட்டைவிரல் மூலையை எட்டிப் பார்த்தாள். இந்த மூன்று வருஷமும் அந்த மூலையில் நின்று எத்தனை தடவை கடப்பாரைக்காரர்களை அதட்டியிருப்பாள்! தம்பி வந்து பக்கத்தில் நின்றான். அவனைத் திட்ட வேண்டும் என்று நினைத்தவள், அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"சத்தியம் பண்ணவன்தானே நீ?"

"திட்டறதா இருந்தா வீட்டுல போய்த் திட்டுக்கா."

விளம்பரக்காரர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "எல்லாம் சரி, அந்த முதல் படத்தை எவன் எடுத்தான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று பல்லைக் கடித்தார். அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதலாளியம்மா மேஜையின் தலைப்பக்கத்துக்குப் போகவில்லை, அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். அப்பா இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். வீட்டுக்கு வெளியே அவருடைய இரண்டு கைகளையும் அக்கா ஒன்றாகப் பார்ப்பது இன்றுதான் முதல் தடவை. அவர் பேசிக்கொண்டே போனார். முதலாளியம்மா ஒரு தடவை முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா என்ன சொல்கிறார் என்பது வெளியே கேட்கவில்லை. அடுத்த வாரம் கேட்போம்.